பேய் எங்கே இருக்கிறது?

"ஹெவி மெட்டல்" என்றொரு மேனாட்டு இசை உண்டு. பட்டறைச் சம்மட்டி போன்ற முழக்கம், அலறும் மின்சார கிதார், பாட்டிலே பேயும் பிசாசும் சுடுகாடும்! "இது சங்கீதமா, வெறியாட்டமா?" என்று பண்டிதர்கள் காதைப் பொத்துகிறார்கள். பாதிரியார்கள் சபிக்கிறார்கள். உழைப்பாளிகளாகிய நாம் வேறொன்றைக் கேட்க வேண்டும். இதைப் பாடியவர்கள் யார்? எந்தப் பயத்தைப் பாடினார்கள்?

1968ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், ஆஸ்டன் என்ற தொழிலாளர் பேட்டையில் நான்கு வாலிபர்கள் "பிளாக் சாபத்" குழுவைத் தொடங்கினார்கள். 1940-41ல் ஹிட்லரின் விமானங்கள் குண்டு வீசிய நகரம் அது. இடிபாடுகளே அவர்கள் சிறுவயதில் விளையாடிய இடம். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர். கிதார் வாசித்த டோனி அயோமிக்கு 1965ல், 17 வயதில், தகடு ஆலை இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகள் பறிபோயின. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். பின்னாளில் தந்திகளைத் தளர்த்தினார். அந்த இசையின் கனத்த நாதத்துக்கு அதுவும் ஒரு காரணம். 1970ல் வந்த "வார் பிக்ஸ்" பாட்டில் அவர்கள் காட்டிய பேய்க்கூட்டம் எது? யுத்தம் மூட்டும் தளபதிகளும் அரசியல்வாதிகளுமே!

அமெரிக்காவின் "மெட்டாலிகா" குழுப் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் லாரி ஓட்டுநரின் மகன். மருந்து வேண்டாம், ஜெபமே போதும் என்று போதிக்கும் மதப்பிரிவில் வளர்ந்தவர். தகப்பனார் வீட்டைவிட்டுப் போனார். தாயார் புற்றுநோய்க்குப் பலியானபோது மகனுக்கு வயது 16. 1991ல் வெளிவந்த இசைத்தட்டில், கைவிட்ட கடவுளைப் பற்றி "தி காட் தட் ஃபெயில்ட்" என்று பாடினார். அதே தட்டிலுள்ள "என்டர் சாண்ட்மேன்", தூங்கப் போகும் குழந்தையின் ஜெபத்தையும் கெட்ட கனவுகளையும் பற்றியது. அப்போது அவருக்கு 28 வயது. பிள்ளை வளர்ந்துவிட்டான், பயம் போகவில்லை!

ஆகவே, பேய் வெறும் முகமூடி. அதன் பின்னே நிற்பவை யுத்தம், நோய், மூடத்தனம், கையைத் தின்னும் இயந்திரம்.

இசைத்தட்டுக் கம்பெனிகள் இந்தப் பயத்தையும் சரக்காக்கி லாபம் குவித்தன என்பது உண்மையே. ஆனால் 2025 ஜூலை 5ல் அதே ஆஸ்டனில் "பிளாக் சாபத்" கடைசிக் கச்சேரி நடத்தியபோது, பல்லாயிரவர் ஒரே குரலில் கூடப் பாடினார்கள். "எனக்கு மட்டும்தான் இந்தப் பயம்" என்ற தனிமை அங்கே உடைகிறது. அது சிறிய காரியமல்ல.

தோழர்களே! பேய் காட்டி மிரட்டி வளர்த்த பிள்ளை, நாளை மேஸ்திரி முன்னும் பண்ணையார் முன்னும் நடுங்கும். 1961ல் வந்த "அரசிளங்குமரி" படப் பாட்டில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் சின்னப் பயலுக்குச் சொன்ன சேதியும் இதுதானே? நம் வீட்டில் அந்த விதையை ஊன்ற வேண்டாம்.

பாட்டு பயத்தை உரக்கச் சொல்லும். அதன் வேரை அறுக்காது. வேலைக்கு உத்தரவாதம், நோய்க்கு மருத்துவம், உலகுக்குச் சமாதானம் ஆகியவற்றைச் சங்கமாகத் திரண்டு வெல்வோம். வேரை அறுப்பது நம் வேலை!