வாசகனை இளக்காரமாகப் பார்க்கும் நாவலாசிரியர்கள்

சில நாவல்களைப் படிக்கும்போது, எழுதியவர் நம்மைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவது போலத் தோன்றும். ‘இதையெல்லாமா விரும்பிப் படிக்கிறீர்கள்?’ என்று கேட்காமல் கேட்பார். நாமோ காசு கொடுத்து வாங்கியிருப்போம், அல்லது ரொமேன் ரொலான் நூலகத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்து வந்திருப்போம். நமக்கு ஏன் இந்த அவமரியாதை? பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால், எனக்குப் பழக்கமான பிரெஞ்சு நாவல்களை வைத்தே இதைப் பேசுகிறேன்.

முதலில், தாம் எழுதும் கதை வகையையே மதிக்காதவர்கள். மொரீஸ் லெப்லான் 1864இல் ருவான் நகரில் பிறந்தவர். ஃப்ளொபேர், மொப்பசான் வரிசையில் தன் பெயரும் நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. மனித மனத்தை அலசும் நாவல்கள் எழுதினார். பாராட்டு வந்தது, விற்பனை வரவில்லை. 1905இல் ஒரு மாத இதழுக்காக ஒரு கனவான் திருடனைப் பற்றிக் கதை எழுதினார். அவன்தான் அர்சேன் லுப்பேன். அந்த முதல் கதையின் முடிவிலேயே அவன் போலீசிடம் அகப்பட்டுவிடுகிறான். லெப்லான் அத்தோடு கையைக் கழுவியிருப்பார். ஆனால் படித்தவர்கள் விடவில்லை. லுப்பேனைச் சிறையிலிருந்து தப்பவைத்து, வாழ்நாள் முழுவதும் அவன் கதையையே எழுத வேண்டியதாயிற்று. எத்ரெத்தாவில் அவர் வாழ்ந்த வீடு இன்று லுப்பேன் பெயரில்தான் காட்சியகமாக இருக்கிறது.

ஆர்தர் கானன் டாயிலுக்கும் இதே கதிதான். வரலாற்று நாவல்களே தனக்குப் பெருமை தரும் என்று நம்பிய அவர், 1893இல் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் விழவைத்து முடித்தார். 1903இல் மறுபடி உயிரோடு கொண்டுவந்தார்.

இவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டு ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்தவன் நான். மனுவோடு வருகிறவரைப் பார்த்ததும் மனசுக்குள் ‘அப்பாடா, இன்னொன்றா’ என்று அலுத்துக்கொள்ளும் குமாஸ்தாவைத் தெரியும். அலுத்துக்கொண்டாலும் கோப்பை நகர்த்திவிடுவார். வேறு ஒருவர் இருப்பார். முகம் கொடுத்துப் பேசமாட்டார், விடுபட்ட காகிதம் எது என்று சொல்லமாட்டார், நாளை வா என்பார். முதலாமவருக்கு அலுப்பு, இரண்டாமவருக்கு இளக்காரம். ஜன்னலுக்கு வெளியே நிற்பவருக்கு இந்த வித்தியாசம் அரை நிமிடத்தில் புரிந்துவிடும். லெப்லானும் டாயிலும் முதல் வகை. மனசுக்குள் முணுமுணுத்தார்கள், அளவு குறைக்கவில்லை.

அடுத்து ஃப்ளொபேர். அவருடைய ‘புவாரும் பெக்யூஷேயும்’ நாவலை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் முழுதாகப் படித்தேன். பாரீசில் கோப்புகளைப் பார்த்து எழுதும் இரண்டு குமாஸ்தாக்கள், கொளுத்தும் வெயிலில் ஒரு பெஞ்சில் சந்தித்து நண்பர்களாகிறார்கள். ஒருவருக்குச் சொத்து கிடைக்க, இருவரும் வேலையை விட்டுவிட்டு நார்மண்டிக் கிராமத்துக்குப் போகிறார்கள். விவசாயம், வைத்தியம், மண்ணியல், அரசியல், சமயம், பிள்ளை வளர்ப்பு என்று ஒவ்வொன்றையும் புத்தகம் பார்த்துச் செய்கிறார்கள். எல்லாவற்றிலும் தோல்வி. கடைசியில் மறுபடி பார்த்தெழுதும் வேலைக்கே திரும்புவதாக ஃப்ளொபேர் திட்டமிட்டிருந்தார். 1880இல் அவர் இறந்துவிட்டதால் நாவல் முடியாமலே மறு ஆண்டு வெளிவந்தது.

ஓய்வு பெற்ற குமாஸ்தா இதைப் படித்தால் எப்படி இருக்கும்? மாடித் தோட்டம், ஹோமியோபதி, ஜோதிடம் என்று நம்மில் எத்தனை பேர் கிளம்பியிருக்கிறோம்! சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. மெத்தப் படித்த ஒரு மேதை நம் இனத்தையே கேலி செய்கிறாரே என்று பட்டது.

ஆனால் அந்த மனிதர் செய்த உழைப்பைப் பாருங்கள். அந்த இருவரும் படிக்கும் நூல்களையெல்லாம் அவரும் படித்தார். 1500க்கு மேல் என்று அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். போகப் போக, அந்தக் குமாஸ்தாக்களுக்குச் சுற்றியிருப்போரின் மடமை கண்ணில் பட ஆரம்பிக்கிறது, அது அவர்களை வருத்துகிறது. அந்த வருத்தம் ஃப்ளொபேருக்கே சொந்தமானது. எட்டி நின்று சிரித்தவர், அவர்கள் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார். அந்தக் கேலியை என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது.

அவருடைய சீடர் மொப்பசான் கடற்படை மற்றும் குடியேற்ற நாடுகள் அமைச்சகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அந்தக் காலத்தில் புதுச்சேரிக்கும் மேலிடம் அதுதான்! குமாஸ்தாக்களை அவரும் விட்டுவைக்கவில்லை. ஆனால் அது தன் மேசையைத் தானே கேலி செய்வது.

என்னால் ஏற்க முடியாதவர் அலென் ரோப்-கிரியே. 1953இல் வந்த அவருடைய ‘லெ கொம்’ நாவலுக்கு அழிரப்பர்கள் என்று பொருள். துப்பறிவாளன் ஒரு கொலையை விசாரிக்க வருகிறான், ஆனால் அந்தக் கொலை நடக்கவே இல்லை. இடையிடையே கடை கடையாக ஏறி ஒரு குறிப்பிட்ட ரப்பரைத் தேடுகிறான். கடைசியில், செத்ததாகச் சொல்லப்பட்டவரை அவனே சுட்டுக் கொன்றுவிடுகிறான். மூளை இருக்கிறது, திறமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் துப்பறியும் கதை படிப்பவன் நம்பிப் பிடித்திருக்கும் நூலை அறுத்துவிட்டு, அவன் முகம் போகும் போக்கைப் பார்ப்பதுதான் இங்கே வேடிக்கை. பாத்திரம், கதை என்பவை எல்லாம் காலாவதியான சரக்கு என்று பின்னால் கட்டுரையும் எழுதினார். அப்படியானால் துப்பறியும் கதை என்ற தூண்டிற்புழு எதற்கு?

‘சோதனை முயற்சி வேண்டாமா?’ என்று நண்பர்கள் கேட்பார்கள். தாராளமாக வேண்டும். புரியாத புத்தகம் எல்லாம் அவமதிப்பு ஆகாது. நம்மை மதித்துக் கடினமாக எழுதுபவரும் உண்டு. நம் ஆசையைக் காட்டியே நம்மை மடையனாக்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

சிமெனோனைப் பாருங்கள். அவருக்கும் துப்பறியும் கதையைத் தாண்டிப் போக ஆசை இருந்தது. இடையில் சில ஆண்டுகள் மெக்ரே நாவல்களை நிறுத்தியும் வைத்தார். ஆனாலும் 1972 வரை எழுதிய 75 மெக்ரே நாவல்களில், எவரும் படிக்கக்கூடிய எளிய சொற்களையே வேண்டுமென்று தேர்ந்து எழுதினார். கொலை செய்தவனைக்கூட மெக்ரே இளக்காரமாகப் பார்ப்பதில்லை, அவன் ஏன் அப்படி ஆனான் என்றுதான் யோசிக்கிறார். அப்படிப்பட்டவரைப் படைத்தவர் வாசகனை எப்படிப் பார்த்திருப்பார் என்று சொல்ல வேண்டுமா?

எழுபதைத் தாண்டிய நமக்குக் கண் வெளிச்சமும் குறைவு, நேரமும் குறைவு. பெரிய பெயராயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு எந்தப் புத்தகத்தையும் முடிக்க வேண்டியதில்லை. ஐம்பது பக்கம் படித்தும் மரியாதை கிடைக்காவிட்டால் மூடி வைத்துவிடுங்கள். அடுத்த அலமாரியில் ஒரு மெக்ரே இருக்கும்.