முகத்து முடிக்கு லேசர்: எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

‘ஆறு முறை வந்தால் போதும்; அதன் பிறகு முகத்தில் ஒரு முடிகூட முளைக்காது.’ லேசர் சிகிச்சையை நாடி எங்கள் தோல் மருத்துவப் பிரிவுக்கு வருபவர்களில் பலர் இந்த நம்பிக்கையோடுதான் வருகிறார்கள். விளம்பரத்தில் பார்த்தவர்கள் உண்டு. அழகு நிலையத்தில் கேட்டவர்கள் உண்டு. உறவினர் ஒருவருக்கு அப்படியே நடந்தது என்று சொல்பவர்களும் உண்டு. சிகிச்சை முடிந்து சில மாதங்கள் கழித்து மோவாயில் நான்கு முடிகள் மீண்டும் தலைகாட்டும்போது, ஏமாற்றப்பட்டோம் என்று சிலர் வருந்துகிறார்கள். தம் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று வேறு சிலர் ஒடுங்கிப்போகிறார்கள். பெரும்பாலும் அங்கே தோற்றது சிகிச்சையன்று. அதைப் பற்றிக் கொடுக்கப்பட்ட வாக்குறுதிதான்.

முகத்து முடிக்கு லேசர் ஒரு நல்ல சிகிச்சை. தகுந்தவருக்குத் தகுந்த முறையில் செய்தால், நெடுநாள் சுமந்த மனபாரத்தை அது இறக்கிவைக்கிறது. ஆனால் அது முடியைக் குறைக்கும் சிகிச்சை. அறவே ஒழிக்கும் சிகிச்சை அன்று. இந்த ஒரு வாக்கியத்தை முதல் அமர்வுக்கு முன்பே, பணம் கட்டும் முன்பே, நோயாளியும் குடும்பத்தாரும் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும். ‘நிரந்தரம்’ என்னும் சொல்லை மருத்துவர்களாகிய நாங்கள் கைவிட வேண்டும். எவரேனும் அதைச் சொன்னால் நீங்கள் ஐயுற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒளி செய்யும் வேலை

லேசர் என்பது ஒரே அலைநீளம் கொண்ட செறிவான ஒளி. முடியில் உள்ள மெலனின் என்னும் கருநிறமி அந்த ஒளியை உறிஞ்சிச் சூடேறுகிறது. அந்த வெப்பம் மயிர்க்காலுக்குப் பரவி, முடியைத் திரும்பத் திரும்ப முளைக்கச் செய்யும் செல்களைச் சிதைக்கிறது. சுற்றியுள்ள திசுவைப் பெரிதும் பாதிக்காமல் குறித்த இலக்கை மட்டும் ஒளியின் வெப்பத்தால் தாக்க முடியும் என்னும் கோட்பாட்டை 1983ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்கள் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் வெளியிட்டனர். முடி நீக்கும் லேசர் கருவிகளுக்கு அதுவே அடித்தளம்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, நிறமி இல்லாத இடத்தில் லேசருக்கு வேலை இல்லை. நரைத்த முடிக்கும், மெல்லிய பூனைமுடிக்கும் அதனால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. மாதவிடாய் நின்ற பின் மோவாயில் வெள்ளை முடி முளைத்து வருந்தும் பெண்களுக்கு, ஒவ்வொரு மயிர்க்காலிலும் நுண்ணிய ஊசி செலுத்தி மின்சாரத்தால் அழிக்கும் எலக்ட்ராலிசிஸ் முறையே ஏற்றது. அது நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும், ஆனால் முடியின் நிறம் அதற்கு ஒரு பொருட்டன்று.

இரண்டாவது, எல்லா முடிகளும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. சில வளர்ந்துகொண்டிருக்கும், சில ஓய்ந்திருக்கும், சில உதிரக் காத்திருக்கும். வளரும் பருவத்தில் உள்ள முடியை மட்டுமே லேசர் திறம்பட அழிக்கிறது. ஆகவேதான் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒரு முறையாகப் பல அமர்வுகள் தேவைப்படுகின்றன. முகத்துக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள் வழக்கம். ஹார்மோன் கோளாறு உள்ளவர்களுக்கு அதற்கு மேலும் ஆகலாம். பின்னர் ஆண்டுக்கு ஓரிரு முறை வர வேண்டியும் இருக்கலாம்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1990களின் இறுதியில் சில லேசர் கருவிகளுக்கு ‘நிரந்தரக் குறைப்பு’ என்று சொல்லிக்கொள்ள இசைவளித்தது. ஒரு சிகிச்சைச் சுற்றுக்குப் பின் மீண்டும் முளைக்கும் முடிகளின் எண்ணிக்கை நீண்ட காலத்துக்குக் குறைந்தே நிற்கும் என்பதே அதன் பொருள். ‘குறைப்பு’ என்பதை விட்டுவிட்டு ‘நிரந்தரம்’ என்பதை மட்டும் விளம்பரங்கள் பிடித்துக்கொண்டன. நடைமுறையில் வெற்றி என்பது இதுதான்: எஞ்சும் முடி எண்ணிக்கையில் குறைந்து, மெலிந்து, மெதுவாக வளரும். நாள்தோறும் சாமணத்தோடு கண்ணாடி முன் நின்றவர், மாதத்தில் ஓரிரு முறை கவனித்தால் போதும் என்ற நிலைக்கு வருவார். இது சிறிய பயனன்று.

முதலில் காரணம், பிறகு கருவி

பெண்ணின் மேலுதட்டிலும் மோவாயிலும் கன்னத்தோரத்திலும் ஆண்களுக்குப்போல் தடித்த முடி வளர்ந்தால், அதற்கு முதற்காரணமாகப் பெரும்பாலும் இருப்பது சினைப்பை நீர்க்கட்டி என்று பலரும் குறிப்பிடும் பிசிஓஎஸ். மாதவிடாய் தள்ளிப்போதல், தீராத முகப்பரு, உடல் எடை கூடுதல், உச்சந்தலையில் முடி மெலிதல் ஆகியவையும் உடனிருந்தால் ஐயம் வலுப்படுகிறது. பரம்பரை இயல்பாகவே சிலருக்கு முடி மிகுதியாக இருக்கலாம், அது நோயன்று. மருந்துகளும் காரணமாகலாம்: தலைமுடி வளர்வதற்காகப் பயன்படுத்தும் மினாக்சிடில், வலிப்புக்கான பெனிடாயின், மருத்துவரைக் கேட்காமல் சிவப்பழகுக்காக மாதக்கணக்கில் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் ஆகியவை எடுத்துக்காட்டுகள். அந்தக் களிம்பு முடியை வளர்ப்பதோடு தோலையும் மெலியச் செய்துவிடும். அத்தகைய தோலில் உடனே லேசர் செய்வது தகாது.

இவற்றை அறியாமல் நேரே கருவியின் முன் அமர்வது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும். இன்று இருக்கும் தடித்த முடியை லேசர் அழிக்கும். ஆனால் ஆண் ஹார்மோனின் மிகுதி, நேற்றுவரை பூனைமுடியாக இருந்ததை நாளை தடித்த முடியாக மாற்றிக்கொண்டே இருக்கும். எனவே மாதவிடாய் வரலாறு, தேவையான இரத்தப் பரிசோதனைகள், சிலருக்கு வயிற்று ஸ்கேன் ஆகியவை முதற்படி. ஹார்மோன் மாத்திரைகளின் பலன் முடியில் தெரிய ஆறு மாதங்களாவது ஆகும். லேசரை அதற்கு இணையாகவே செய்துகொள்ளலாம். கருத்தரிக்க விரும்புவோர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அப்போது இம்மருந்துகளில் பெரும்பாலானவற்றைத் தர இயலாது.

ஒன்றை மட்டும் ஒத்திப்போடக் கூடாது. சில மாதங்களுக்குள் முடி வேகமாகப் பெருகி, குரல் தடித்து, மாதவிடாயும் நின்றுவிட்டால், அரிதாக சினைப்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கலாம். அப்போது உடனடியாக மருத்துவரை நாடுங்கள். லேசர் அதற்குப் பிறகு.

நம் தோலின் நிறமும் ஒரு மருத்துவச் செய்தியே

மெலனின் முடியில் மட்டும் இல்லை, தோலிலும் உண்டு. மாநிறமும் கருமையும் கொண்ட தோலில் அது மிகுதி. தவறான அலைநீளமும் அளவுக்கு மீறிய ஆற்றலும் தோலையே சுட்டுவிடும்; கொப்புளம், கருந்தழும்பு, சில வேளை வெண்திட்டு எஞ்சும். 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்சாண்ட்ரைட் லேசர் வெளிர்ந்த தோலுக்கே பெரிதும் உரியது. 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் தோலின் மேலடுக்கில் குறைவாக உறிஞ்சப்பட்டு ஆழமாகச் செல்வதால், கருமையான தோலுக்கு அதுவே கூடுதல் பாதுகாப்பானது; வலி சற்றுக் கூடுதல், அமர்வுகளும் கூடலாம். 800 நானோமீட்டரை ஒட்டிய டையோடு லேசரையும் தக்க குளிரூட்டலோடு கவனமாகப் பயன்படுத்தலாம். ஐபிஎல் எனப்படுவது லேசரே அன்று. பல அலைநீளங்கள் கலந்த ஒளி. வீட்டில் பயன்படுத்த விற்கப்படும் அத்தகைய கருவிகள் பலவற்றின் கையேடே மிகக் கருமையான தோலுக்கு வேண்டாம் என்று எச்சரிக்கிறது.

எனவே எங்கே சென்றாலும் கேளுங்கள்: இது எந்த வகைக் கருவி? என் தோலுக்கு ஏற்றதா? முதலில் சிறிய இடத்தில் செய்து பார்ப்பீர்களா? புண்ணானால் பார்க்க மருத்துவர் இருக்கிறாரா? இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடத்தில் உங்கள் முகத்தை ஒப்படைக்க வேண்டாம்.

‘முழு முகத்துக்கும் செய்துவிடுங்கள்’ என்னும் வேண்டுகோள்

பலர் என்னிடம் இப்படிக் கேட்பதுண்டு. தள்ளுபடி விலையில் முழு முகத்துக்கும் ‘பேக்கேஜ்’ கிடைக்கிறது என்பார்கள். நான் மறுத்துவிடுகிறேன். கன்னத்திலும் நெற்றியோரத்திலும் உள்ள பூனைமுடி லேசருக்கு அழியாது. அதைவிடக் கவலைக்குரியது, லேசரின் வெப்பத்தால் அந்த மெல்லிய முடி தூண்டப்பட்டுத் தடித்தும் கறுத்தும் வளரக்கூடும் என்பது. இந்த எதிர்விளைவு உடலின் பிற பகுதிகளைவிட முகத்திலும் கழுத்திலும் மிகுதியாகக் காணப்படுகிறது. கருமையான தோலுள்ளவர்களிடமும் ஹார்மோன் கோளாறு உள்ளவர்களிடமும் கூடுதல். நம் நோயாளிகளில் பலர் இந்த வரையறைக்குள் வருபவர்களே. எல்லோருக்கும் இது நேர்வதில்லை. ஆயினும் கையெழுத்திடும் முன் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி. தடித்த கரிய முடி உள்ள இடத்துக்கு மட்டுமே லேசர் என்பது செலவையும் குறைக்கும், இடரையும் குறைக்கும்.

சிகிச்சை நாளும் அதன் பின்னரும்

முதல் அமர்வுக்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பிருந்தே நூலாலோ சாமணத்தாலோ மெழுகாலோ முடியைப் பிடுங்கக் கூடாது. வேரோடு பிடுங்கிவிட்டால் ஒளிக்கு இலக்கே இராது. மழித்துக்கொள்ளலாம், முதல் நாள் மழித்துவிட்டு வருவதே வசதி. மழித்தால் முடி தடித்து வளரும் என்பது தலைமுறைகளாகத் தொடரும் தவறான நம்பிக்கை. வெட்டுப்பட்ட நுனி மழுங்கியிருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகப் படுகிறதே தவிர, மயிர்க்காலில் எந்த மாற்றமும் நிகழ்வதில்லை.

கண்களுக்குக் காப்புக் கண்ணாடி அணிவிக்கப்படும். புருவத்துக்குக் கீழும் இமையிலும் எவர் வற்புறுத்தினாலும் லேசர் கூடாது. கண்ணின் உட்பகுதி கெட்டுவிடக்கூடும். வலி, இரப்பர் வளையத்தை இழுத்துத் தோலில் விட்டதுபோல் சுரீரென்று இருக்கும், மேலுதட்டில் கூடுதல். மேலுதட்டுக்கு மட்டுமெனில் சில நிமிடங்களே ஆகும். பின்னர் மயிர்க்கால்களைச் சுற்றிச் சிவப்பும் சிறு வீக்கமும் தோன்றிச் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ அடங்கும். அடுத்த ஒன்று முதல் மூன்று வாரங்களில் முடி வளர்வதுபோலத் தெரியும். உண்மையில் அது கருகிய முடி வெளித்தள்ளப்படுவது. அதைப் பிடுங்காமல் விடுங்கள்.

வெயிலைத் தவிர்த்து, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனைப் பூசுங்கள். உட்கொள்ளும் மருந்துகள், முன்பு உதட்டோரத்தில் வந்த அக்கிக் கொப்புளம், தழும்பு தடித்து வளரும் இயல்பு ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். கருவுற்றிருப்பவர்கள் மகப்பேறு முடியும்வரை ஒத்திவைப்பதே நல்லது.

நாளும் கிழமையும், முடிவும் யாருடையவை?

தை மாதத்தில் திருமணத்தை நிச்சயித்துவிட்டு மார்கழியில் பெண்ணை அழைத்து வருகிறார்கள். எட்டு அமர்வுகளுக்கு ஏழு முதல் பத்து மாதங்கள் ஆகும் என்ற கணக்கின்படி, தை முகூர்த்தத்துக்கு வைகாசியிலேயே தொடங்கியிருக்க வேண்டும். அவசரத்துக்காக இடைவெளியைக் குறைப்பதும் ஆற்றலைக் கூட்டுவதும் மணநாளில் கருந்தழும்போடு நிற்கும் நிலையை உண்டாக்கலாம். அத்தகைய நேரத்தில் மழிப்பதே பாதுகாப்பான வழி.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. ஆலோசனை அறையில் பெரும்பாலும் தாயோ அத்தையோ பேசுகிறார்கள். சிகிச்சைக்குரிய பெண் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறாள். ‘யார் கட்டிக்கொள்வார்கள்?’ என்ற சொல் அவள் எதிரிலேயே சொல்லப்படுகிறது. முகத்து முடியினால் பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் உண்டாவது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. அச்சோர்வை வளர்ப்பதில் வீட்டார் சொற்களுக்கும் பங்குண்டு. அவள் விரும்பினால் சிகிச்சை செய்வோம். விரும்பாவிட்டால், உட்காரணம் உள்ளதா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடலாம். முடி இருப்பதனால் மட்டும் ஒரு முகம் நோயுற்ற முகம் ஆகிவிடாது. தாடிப் பகுதிக்குச் சிகிச்சை கேட்டு வரும் திருநங்கையருக்கும் இதே மதிப்பும் இதே நேர்மையான விளக்கமும் உரியவை. அவர்களது முடி அடர்த்தி மிகுந்தது என்பதால் அமர்வுகளும் கூடும், வலியும் கூடும் என்பதை முன்னரே சொல்லிவிட வேண்டும்.

லேசர் பற்றி எண்ணுபவர்கள் முதல் வருகையை ஆலோசனைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பரிசோதனைச் சீட்டுகளையும், உண்ணும் மாத்திரைகளையும், பூசும் களிம்புகளையும் உடன் கொண்டுவாருங்கள். அன்று முன்பணம் எதுவும் கட்டத் தேவையில்லை. எவ்வளவு குறையும், எவ்வளவு காலம் ஆகும், எவ்வளவு செலவாகும் என்னும் மூன்றுக்கும் விடை கேட்டுக்கொண்டு வீடு திரும்பி, நிதானமாக யோசித்து முடிவெடுங்கள்.