எண்ண மறுத்த அதிபர்

திருவொற்றியூரில் ஞாயிறுதோறும் நாங்கள் கூடும் வாசிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவர் கேட்டார்: "அக்கா, போர்னா சாவு இருக்கத்தான் செய்யும். 26 வருசமா யாராலும் முடிக்க முடியாததை ராஜபக்சே முடிச்சாரு. நூறு வருசம் கழிச்சு வரலாறு அவரைத் திட்டுமா, பாராட்டுமா?" பக்கத்தில் இருந்த இரண்டு பேர் அவர்மேல் பாய்ந்தார்கள். நான் அவர்களை உட்காரச் சொன்னேன். துரோகி என்று பட்டம் கட்டி மூடிவிடக்கூடிய கேள்வி அல்ல அது. கொழும்பில் லட்சக்கணக்கானவர்கள் இன்றைக்கும் நம்பும் வாதம்தான். அதற்குப் பதில் சொல்லத் தெரியாவிட்டால் மே 18 அன்று மெழுகுவத்தி ஏற்றி என்ன பயன்?

நம் பகுதிக்கும் இந்தக் கேள்விக்கும் தொடர்பு உண்டு. 2009 ஜனவரி 29 அன்று போரை நிறுத்தக் கோரி நுங்கம்பாக்கத்தில் தீக்குளித்த முத்துக்குமாரின் உடல், கொளத்தூரிலிருந்து பெரும் ஊர்வலமாக வந்து சேர்ந்தது ராயபுரத்தை அடுத்த மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குத்தான். 1939-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று இறந்த நடராசனும் தாளமுத்துவும் அடக்கமான இடம் அது. நடராசன் தலித் என்பதை மேடைகள் அவ்வளவாகச் சொல்வதில்லை. (உயிரை எரித்துக்கொள்வதைப் போராட்ட வடிவமாக நான் ஏற்பதில்லை. அதை வாசிப்பு வட்டத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.)

சரி, மகிந்த ராஜபக்சே எடுத்த முடிவு என்ன? 2005 நவம்பரில் இரண்டு லட்சத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் அதிபரானார். வடக்கில் தமிழர்கள் வாக்களிக்கக் கூடாது என்று புலிகள் தடுத்தது அவருக்குத்தான் உதவியது. 2006 ஜூலையில் மாவிலாறு மதகைப் புலிகள் மூடினார்கள். அதைக் காரணம் காட்டி ராணுவம் இறங்கியது. 2008 ஜனவரியில், 2002-ல் கையெழுத்தான போர் நிறுத்த ஒப்பந்தத்திலிருந்து அரசு முறைப்படி விலகியது. இதுவரைக்கும் அவருக்காக வாதாட ஆள் கிடைக்கும். எந்த அரசும் தன் நிலப்பரப்பில் இன்னொரு ராணுவத்தைப் பொறுத்துக்கொள்ளாது என்பார்கள்.

ஆனால் நான் நிறுத்திப் பார்க்கச் சொல்வது 2008 செப்டம்பரை. அந்த மாதம்தான் ஐ.நா. ஊழியர்களையும் சர்வதேச உதவி அமைப்புகளையும் வன்னியைவிட்டு வெளியேறும்படி அரசு உத்தரவிட்டது. போகாதீர்கள் என்று கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலை மறித்து மக்கள் கெஞ்சினார்கள். நடக்கப்போவது என்ன என்று அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. போர் தொடுப்பது ஒரு முடிவு. சாட்சிகளை அனுப்பிவிட்டுப் போர் செய்வது வேறொரு முடிவு. முதலாவதை அரசியல் என்று வாதாடலாம். இரண்டாவதை எந்தக் கணக்கில் எழுதுவது?

கணக்கு என்றதும் எண்களைப் பார்ப்போம். 2009 தொடக்கத்தில், வன்னிக்குள் இருப்பது சுமார் 70,000 பேர்தான் என்றது அரசு. உணவும் மருந்தும் அந்த எண்ணை வைத்தே அளந்து அனுப்பப்பட்டன. போர் முடிந்தபோது முள்வேலி முகாம்களில் அடைபட்டவர்கள் ஏறக்குறைய 2,80,000 பேர். அதாவது, உயிரோடு இருந்த மனிதர்களையே முதலில் காகிதத்தில் குறைத்தார்கள். மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப் அரசாங்கத்தின் சொந்தப் பதிவுகளையே எடுத்துக் கழித்துப் பார்த்தார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059. வெளியே வந்தவர்கள் 2,82,380. மீதி 1,46,679 பேர் எங்கே என்று 2011-ல் அரசு ஆணையத்தின் முன்னாலேயே கேட்டார். 40,000 பேர் வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்றது அதே ஆண்டு வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை. இறந்த தன் படையினரை மட்டும் அரசு ஒற்றை இலக்கம் வரை எண்ணிச் சொன்னது: 6,200-க்கும் மேல். பொதுமக்கள் பக்கம் வந்தால் 'மனிதாபிமான நடவடிக்கை', பூஜ்ஜியச் சாவு.

இந்தப் பூஜ்ஜியம் நமக்குப் புதிதா தோழர்களே? மலக்குழியில் விஷவாயு தாக்கிச் செத்தவர்களை நாம் தூக்கியிருக்கிறோம். 2021-ல் கையால் மலம் அள்ளுவதால் யாருமே இறக்கவில்லை என்று நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு சொன்னது. இறந்தவர்களை 'அபாயகரமான சாக்கடைத் துப்புரவு' என்ற வேறொரு தலைப்பில் போட்டுவிட்டார்கள். இரண்டும் ஒரே அளவிலான குற்றம் என்று நான் சொல்லவரவில்லை. தலைப்பை மாற்றிப் பிணத்தை மறைக்கும் வித்தை ஒன்றே என்கிறேன்.

செத்தவர்கள் யார் என்பதையும் நம் மேடைகள் 'தமிழன்' என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். 1948-ல் அவர்களின் குடியுரிமை பறிபோனது. 1977 கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்த பல குடும்பங்களை வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் காந்தியம் போன்ற அமைப்புகள் குடியமர்த்தின. வசதியும் உறவும் இருந்தவர்கள் கொழும்புக்கும் கனடாவுக்கும் போன பின்னும், போக வழியில்லாமல் வன்னியிலேயே தங்கியவர்களில் இவர்களும் உண்டு. சாதி அங்கேயும் யார் ஓட முடியும், யார் ஓட முடியாது என்பதைத் தீர்மானித்தது.

புலிகளைப் பற்றிப் பேசாமல் இதை எழுதினால் அதுவும் கணக்கை மறைப்பதுதான். கடைசி மாதங்களில் பிள்ளைகளைக் கட்டாயமாகப் படைக்குப் பிடித்ததும், வெளியேற முயன்ற மக்களைச் சுட்டதும் அதே ஐ.நா. அறிக்கையில் இருக்கின்றன. 1990-ல் வடக்கு முஸ்லிம்களை விரட்டியதும் வரலாறுதான். ஆனால், புலிகள் மக்களைப் பிடித்துவைத்திருந்தார்கள் என்பது, தானே அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் ஓர் அரசு குண்டு வீச உரிமம் ஆகாது.

டெல்லியையும் விட முடியாது. 2009 மே 27 அன்று ஜெனீவாவில் இலங்கை அரசைப் பாராட்டிய தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. முள்ளிவாய்க்கால் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

அப்படியானால் தீர்ப்பு? இதுவரை வந்தவை விசித்திரமானவை. 2010-ல் சிங்கள மக்கள் அவரைப் பெருவெற்றியோடு மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். போரை நடத்திய தளபதி சரத் பொன்சேகா அதே தேர்தலில் எதிர்த்து நின்றதற்குப் பிறகு சிறைக்குப் போனார். 2022-ல் பெட்ரோலுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற அதே மக்கள் மகிந்தவைப் பிரதமர் பதவியிலிருந்தும், போர்க்காலப் பாதுகாப்புச் செயலாளராக இருந்த தம்பி கோத்தபயவை அதிபர் மாளிகையிலிருந்தும் விரட்டினார்கள். 2023 நவம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம் ராஜபக்சே சகோதரர்களைப் பொறுப்பாளிகள் என்று சொன்னது, பொருளாதார நெருக்கடிக்கு. வன்னிக்கு அல்ல. ரூபாயின் மதிப்பு விழுந்ததற்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது, பதுங்குகுழியில் மூடப்பட்ட பிள்ளைக்கு இல்லை.

ஆனால் 2022 மே 18 அன்று, காலி முகத்திடலில் சிங்கள இளைஞர்களும் சேர்ந்து முள்ளிவாய்க்கால் நினைவைக் கடைப்பிடித்தார்கள். 2009-ல் வெற்றி விழா கொண்டாடிய கொழும்பில் அது நடந்தது. கூட்டம் சிறியதுதான். பசி வந்த பிறகுதானே கண் திறந்தது என்று நம் தோழர்கள் சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. அந்த ராணுவத்தில் சேர்ந்து செத்தவர்களும் பெரும்பாலும் வேலையில்லாத கிராமத்துப் பிள்ளைகள்.

அந்த மாணவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "வரலாறு தானா வந்து யாரையும் திட்டாதுப்பா. யாராவது எழுதிவெச்சிருந்தாதான் அது பேசும்." 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் தெருவோரம் பந்தல் போட்டு, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு தாய்மார்கள் உட்கார்ந்தார்கள். பதில் கிடைக்காமலேயே அவர்களில் பலர் இறந்துவிட்டார்கள். எண்ணூரைத் தாண்டிப் போனால் கும்மிடிப்பூண்டி முகாமில், நமக்குப் பக்கத்திலேயே, அந்தத் தீவின் கதைகளோடு மனிதர்கள் இருக்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை.

"அவங்ககிட்ட போய் என்னக்கா கேக்கறது?" என்றார். பேரைக் கேள், ஊரைக் கேள், வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேள் என்றேன். அடுத்த ஞாயிறு ஒரு நோட்டோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.