உறுதி இல்லாத வீடு உறுதியாய் நிற்காது



சென்ற ஆகஸ்ட் விடுமுறையில் உடுப்பிட்டிக்குப் போயிருந்தேன். கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் என்னோடு ஒன்றாகப் பயின்ற சிநேகிதியின் ஊர் அது. "பழைய வீட்டை இடிக்காமல் மூன்று குடும்பம் இருக்கிற மாதிரித் திருத்துகிறோம், வந்து பார்" என்று அவள் பல தடவை அழைத்திருந்தாள்.

மூன்று குடும்பம், ஒரே கூரை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதைப் பார்க்க நான் எதற்கு யாழ்ப்பாணம் வரவேண்டும்? எங்கள் தோட்டத்தில் ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு குடும்பம் இருக்கிறதே!" என்றேன். ஆனால் அங்கே மூன்று நாள் தங்கிவிட்டுத் திரும்பும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, யோசனைதான் வந்தது. அந்த யோசனையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அது ஒரு நாற்சார் வீடு. நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி நான்கு பக்கமும் தாழ்வாரமும் அறைகளும், வாசலில் திண்ணை. சுவர்கள் சுண்ணக்கல்லால் கட்டிச் சுண்ணாம்புச் சாந்து பூசியவை. ஒன்றரை அடித் தடிப்பு இருக்கும். கூரைக்குப் பனைமரச் சலாகையும் மண் ஓடும். யுத்த காலத்தில் ஷெல் விழுந்து ஒரு பக்கக் கூரை போய்விட்டது. அந்தப் பக்கத்துக்கு அப்போது கையில் இருந்த காசுக்குத் தகரம் போட்டிருக்கிறார்கள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு வெளியே வெயில் கொளுத்துகிறது. ஓடு போட்ட பக்கத்தில் மின்விசிறி இல்லாமலே பாயைப் போட்டுப் படுக்கலாம். பத்தடி தள்ளித் தகரம் போட்ட அறைக்குள் ஐந்து நிமிடம் நிற்க முடியாது. வீடு ஒன்றுதான், சுவரும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். வித்தியாசம் கூரையில் இருந்தது. தடித்த சுவர் பகல் வெப்பத்தை உடனே உள்ளே விடாது. சூடான காற்று மேலே எழுந்து முற்றத்து வழியாகப் போய்விடும், அதன் இடத்துக்குத் தாழ்வார நிழலில் இருக்கும் குளிர்ந்த காற்று வரும். மின்சாரம் இல்லாத காலத்தில் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

முதலில் பார்க்க வந்த ஒப்பந்தக்காரர், எல்லாவற்றையும் இடித்துவிட்டு மூன்று கொங்கிறீட் வீடு கட்டலாம் என்று விலை சொன்னாராம். பிறகு வந்த ஊர் மேசன் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சுவருக்கு ஒரு குறையும் இல்லை, கூரையும் குசினியும்தான் பிழை" என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னபடிதான் வேலை நடக்கிறது. தகரத்தைக் கழற்றிவிட்டு ஓடு போடுகிறார்கள். உளுத்த சலாகைகளை மட்டும் மாற்றுகிறார்கள். மூன்று குடும்பத்துக்கும் தனித்தனி வாசல், தனித்தனிப் புகைக்கூண்டு வைத்த குசினி, தனித்தனி மின்மானி. முற்றமும் கிணறும் பொது. கூரைத் தண்ணீர் பீலி வழியாகத் தொட்டிக்குப் போகிறது, மிஞ்சுவது நிலத்துக்கு. மலசலகூடக் குழி கிணற்றுக்கு எட்டவாக இருக்கிறது. சுண்ணக்கல் நிலத்தில் அழுக்குத் தண்ணீர் சட்டென்று கிணற்றுக்கு இறங்கிவிடும் என்பதால் அந்த விஷயத்தில் மேசன் ஓர் அடிகூட விட்டுக்கொடுக்கவில்லை.

கூரையில் சூரியத் தகடு வைப்பீர்களா என்று கேட்டேன். "அது பிறகு. முதலில் மின்விசிறி தேவைப்படாத வீடு வேண்டும்" என்றாள் சிநேகிதி. மின்சாரத்தைச் சேமிப்பது பற்றி நான் கேட்ட பேச்சுகளில் எனக்கு நன்றாக விளங்கியது இதுதான்.

நிற்கிற சுவரை இடிக்காமல் விடுவதிலும் பெரிய சேமிப்பு இருக்கிறது. உலகம் வெளியிடும் காபனீரொட்சைட்டில் நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவு சீமெந்து உற்பத்தியிலிருந்து வருகிறது. மணலுக்காக நாம் ஆற்றையும் கடற்கரையையும் தோண்டுகிறோம். இருக்கிற சுவரைப் பாவித்தால் அவ்வளவு சீமெந்தும் மணலும் லொறி எண்ணெயும் மிச்சம்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் சிநேகிதியின் அம்மா. பின்னேரம் திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது, "மூன்று குடும்பம் ஒன்றாக இருந்தால் சண்டை வராதா அம்மா?" என்று கேட்டேன்.

"வராமல் என்ன பிள்ளை? அதுக்குத்தான் சுவரைப் பிரிக்க முதல் உறுதியைப் பிரிச்சு எழுதினனாங்கள். ஆருக்கு எந்த அறை, ஆருக்கு எவ்வளவு வளவு, முற்றம் எல்லாருக்கும் பொது எண்டு நொத்தாரிசிட்டப் போய் எழுதிப்போட்டுத்தான் மேசனைக் கூப்பிட்டது" என்றார்.

தோழர்களே, இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை. எங்கள் லயமும் பல குடும்பங்கள் இருக்கும் ஒரு பழைய கட்டடம்தான். பல தோட்டங்களில் லயத்துச் சுவர் கருங்கல்லால் கட்டப்பட்டு இன்றும் அசையாமல் நிற்கிறது. ஆனால் அந்தச் சுவருக்குள் இருக்கிறவனுக்கு ஓர் ஆணி அடிக்கும் உரிமைகூட இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. பின்னால் ஒரு குசினி இறக்க வேண்டுமென்றாலும் துரையிடம் கேட்க வேண்டும். காணி அரசாங்கத்தினுடையது, குத்தகை கம்பனியுடையது, வியர்வை மட்டும் எங்களுடையது. தன் பெயரில் இல்லாத வீட்டை யார் பார்த்துப் பராமரிப்பார்கள்? கம்பனியும் பார்ப்பதில்லை, நாங்களும் பார்க்க முடிவதில்லை. இப்படித்தான் லயம் உக்கிப்போனது.

கூரையைப் பாருங்கள். வடக்கில் தகரம் வெக்கையைத் தருகிறது, எங்கள் மலையில் அதே தகரம் குளிரைத் தருகிறது. விடியற்காலையில் தகரத்தின் உள்பக்கம் வியர்த்துப் பிள்ளைகளின் போர்வையில் சொட்டுகிறது. புகை போக வழியில்லாமல் விறகடுப்பு எரிகிறது. ஈரமும் புகையும் சேர்ந்த அறையிலிருந்து வரும் பிள்ளை வகுப்பில் இருமிக்கொண்டே இருக்கிறது. நான் அதைத் தினமும் கேட்கிறேன்.

இன்னொன்று தீ. ஒரு காம்பராவில் மின்ஒழுக்கு ஏற்பட்டால், அறைகளுக்கு நடுவில் கூரை வரைக்கும் சுவர் இல்லாததால் நெருப்பு லயம் முழுக்க ஓடிவிடுகிறது. என்னிடம் படிக்கும் இரண்டு பிள்ளைகள் ஒரே இரவில் புத்தகம், சீருடை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் அப்படி இழந்தார்கள். கூரை வரை எழுப்பிய ஒரு தடுப்புச் சுவர் அந்த நெருப்பை ஓர் அறையோடு நிறுத்தியிருக்கும்.

சரி, புது வீடு என்று வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? வடக்கில் நடந்ததைக் கேளுங்கள். 2015, 2016 ஆண்டுகளில் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 65,000 இரும்பு வீடுகளைப் பொருத்திக் கொடுக்க அரசாங்கம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு பேசியது. ஒரு வீட்டுக்கு இருபது இலட்சம் ரூபாவுக்கு மேல் விலை. அந்தக் காசில் ஏறத்தாழ இரண்டு கல்வீடு கட்டலாம் என்று அங்குள்ளவர்கள் கணக்குக் காட்டினார்கள். அத்திவாரமும் காற்றோட்டமும் போதாது, அடுப்புக்கு இடமில்லை, பிறகு ஓர் அறை சேர்த்துக் கட்டவும் முடியாது என்று பொறியியலாளர்கள் குறை சொன்னார்கள். எதிர்ப்பு வலுத்தது. கடைசியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. வீடில்லாத மக்களே "இந்த வீடு வேண்டாம், எங்களுக்கு ஏற்ற வீடு வேண்டும்" என்று கேட்டுப் பெற்ற நியாயம் அது.

எங்களிடமும் அப்படி ஒரு வரலாறு இருக்கிறது. லயத்தை இடித்து மாடி வீடு தருகிறோம் என்று வந்தபோது, "லயத்தைப் படுக்க வைத்தாலும் நிமிர்த்தி வைத்தாலும் லயம்தான், எங்களுக்குக் காணியோடு தனி வீடு வேண்டும்" என்று சொன்னவர்கள் நாங்கள். அந்தக் கோரிக்கையால்தான் ஏழு பேர்ச்சஸ் காணியும் 550 சதுர அடி வீடும் பேச்சுக்கு வந்தன. இந்திய உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் வந்தன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் லயத்தில் இருக்கும் குடும்பங்களின் தொகையோடு ஒப்பிட்டால் இது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அப்படியானால் தனி வீட்டுக் கோரிக்கையை விட்டுவிட்டு லயத்தைத் திருத்திக்கொண்டு இருக்கச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. அந்தக் கோரிக்கையில் ஒரு பேர்ச்சஸும் குறையக் கூடாது. ஆனால் இரண்டு உண்மைகளை நாங்கள் முகத்துக்கு நேரே பார்க்க வேண்டும்.

முதலாவது, கடைசிக் குடும்பம் லயத்தை விட்டு இறங்கும் வரை அங்கே இருப்பதும் மனிதர்கள்தான். "எப்படியும் இடிக்கப் போகிற லயம்தானே" என்று சொல்லியே ஒரு தலைமுறை ஒழுகும் கூரைக்குக் கீழ் வளர்ந்துவிட்டது.

இரண்டாவது, தனி வீடும் பத்து வருடத்தில் பல குடும்ப வீடாகிவிடும். மூத்த மகன் கலியாணம் முடிக்கிறான், அவனுக்கு வேறு காணி கிடையாது, முன் அறையைத் தடுத்துக் கொடுக்கிறோம். அடுத்தது இளையவன். ஏழு பேர்ச்சஸுக்குள் மூன்று அடுப்பு எரிகிற வீடுகளை நான் பிள்ளைகளின் வரவு பார்க்கப் போகும்போது காண்கிறேன். இது நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அதற்கேற்ற அத்திவாரத்தை முதல் நாளே போடலாமே. உடுப்பிட்டியில் அந்த அம்மா செய்ததைப் போல, யாருக்கு எது என்பதை முதல் நாளே எழுதலாமே.

ஆகவே வீடமைப்பு அதிகாரிகளோ கம்பனியோ அடுத்த முறை வரைபடத்தோடு வரும்போது, எங்கள் தோட்டக் கமிட்டிகள் கேட்க வேண்டியவை இவை:

1. முதலில் உறுதி. காணியும் வீடும் கணவன், மனைவி இருவர் பெயரிலும் சட்டப்படி எழுதப்பட வேண்டும். சாவி கொடுக்கும் விழாவில் படம் பிடித்துவிட்டு உறுதியைப் பிறகு தருகிறோம் என்று சொல்ல விடக்கூடாது.

2. இடம் பாதுகாப்பானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்க முடியாது. மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் லயத்தைத் திருத்தவும் வேண்டாம், புது வீடு கட்டவும் வேண்டாம், உடனே மாற்றிடம் வேண்டும்.

3. அபாயமில்லாத இடத்தில், சுவர் நன்றாக உள்ள லயத்தை, ஆட்களை ஏற்றிய பிறகு வீணே இடிக்க வேண்டாம். இரண்டு மூன்று காம்பராக்களைச் சேர்த்து வாசிகசாலையாகவோ முன்பள்ளியாகவோ ஆக்கலாம்.

4. அதுவரைக்கும் லயத்தில் இருப்போருக்கு அறைக்கு அறை கூரை தொடும் தடுப்புச் சுவர், பாதுகாப்பான மின்இணைப்பு, தகரத்துக்குக் கீழ் உட்கூரை, புகைக்கூண்டு வேண்டும். விறகு குறைவாகப் பிடிக்கும் அனகி அடுப்பு நாட்டில் பல வருடமாகப் பாவனையில் இருக்கிறது. இதற்கெல்லாம் வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை.

5. புது வீட்டின் அத்திவாரமும் கூரையும் பிறகு இன்னொரு குடும்பத்துக்கு அறையும் குசினியும் சேர்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். வரைபடத்தைப் பெண்கள் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். கொழுந்துக் கூடையோடு வந்து அடுப்படியில் நிற்கிறவர்கள் அவர்கள்தான்.

உடுப்பிட்டிக் குடும்பத்திடம் பெரிய பணம் இல்லை. ஓடு வாங்கக் காசு பிந்தியதால் பாதிக் கூரைக்கு இன்னமும் படங்குதான் கட்டியிருக்கிறது. ஆனாலும் எந்தச் சுவர் நிற்க வேண்டும், எந்தச் சுவர் விழ வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். அவர்களை முடிவு செய்ய விட்டது அந்த ஒரு தாள். அதனால்தான் ஒரே கூரைக்குக் கீழ் மூன்று குடும்பம் இருந்தும் அதை நான் லயம் என்று சொல்லவில்லை, வீடு என்று சொல்கிறேன்.

அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் காம்பராவின் நீள அகலத்தையும், அதில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பதையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு என் வகுப்புப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். எங்கள் வீட்டின் முதல் வரைபடத்தை நாங்களே கீறுவோம்.