டிரெயினிங் முடிந்த மறுநாள் என்ன நடக்கிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த கோர்ஸில் சேரலாம்?" என்பதுதான். "கோர்ஸ் முடிந்த மறுநாள் கம்ப்யூட்டரில் என்ன வேலை செய்யப் போகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. வீட்டில் மட்டுமல்ல, தொழிற்சாலைகளிலும் இதே கதைதான்.

நான் இருப்பது சோழவரத்தில். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஏரியும், பழைய விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் நடந்த கார் பந்தயமும் ஞாபகம் வரும். எங்களுக்கோ ஜி.என்.டி. சாலையில் இரவு பகலாக ஓடும் லாரிகள்தான். செங்குன்றம் முதல் கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை உள்ள சிறு தொழிற்சாலைகளுக்கு ஸ்டாக், பில்லிங் சாஃப்ட்வேர் அமைத்துத் தருவது என் வேலை. "ஆளை டிரெயினிங்குக்கு அனுப்பினோம், சர்டிபிகேட் வந்தது, வேலை மட்டும் பழையபடியே நடக்கிறது" என்ற புலம்பலைக் கேட்காத மாதம் இல்லை. குறை ஆளிடம் என்றே முதலாளிகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை.

இ-வே பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இது 2018 ஏப்ரல் 1 முதல் கட்டாயம் ஆனது. கும்மிடிப்பூண்டியில் இருந்து சிறிது தூரம் போனாலே ஆந்திர எல்லை. எனவே இங்குள்ள டெஸ்பாட்ச் கிளார்க்குகளுக்கு இது தினசரிப் பிழைப்பு. ஒரு தொழிற்சாலையில் இதற்காக ஒரு பெண்ணை ஒரு நாள் வகுப்புக்கு அனுப்பினார்கள். ஏ.சி. ஹால், ஸ்லைடு, மதியச் சாப்பாடு எல்லாம் உண்டு. கீபோர்டில் கை வைக்க மட்டும் வாய்ப்பில்லை. திரும்பி வந்தவரை மூன்று வாரம் ஸ்டோர்ஸில் உட்கார வைத்துவிட்டார்கள். நான்காவது வாரம் ஒரு மாலை, தடா அருகே லாரி பழுதாகி டிரைவர் போன் செய்கிறார். வேறு வண்டிக்குச் சரக்கை மாற்ற வேண்டும். இதற்குப் புதிய பில் தேவையில்லை. இருக்கும் பில்லிலேயே 'பார்ட் பி' பகுதியில் புது வண்டி எண்ணைச் சேர்த்தால் போதும். வகுப்பில் இது ஒரே ஒரு ஸ்லைடாக வந்து போயிருந்தது. அந்த அம்மாவுக்கு அது எப்படி நினைவிருக்கும்?

மறதியைத் தன்மீதே சோதித்துப் பார்த்து, ஜெர்மனியின் எப்பிங்ஹவுஸ் 1885-லேயே எழுதிவிட்டார். திரும்பப் பார்க்காவிட்டால் படித்ததில் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாளிலேயே கரைந்துவிடும். மூன்று வாரம் சும்மா வைத்துவிட்டு ஆளைக் குறை சொல்வது என்ன நியாயம்?

வகுப்பு முடிந்ததும் ஒரு ஃபார்ம் தருவார்களே, "பயிற்சி எப்படி இருந்தது?" என்று. டொனால்ட் கிர்க்பேட்ரிக் என்ற அமெரிக்கர் 1959-ல் பயிற்சியை அளக்க நான்கு படிகள் சொன்னார். அந்த ஃபார்ம் முதல் படி மட்டுமே. கற்றார்களா என்பது இரண்டாவது, வேலையில் செய்கிறார்களா என்பது மூன்றாவது, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா என்பது நான்காவது. நம் பக்கம் முதல் படியிலேயே ஃபைலை மூடிவிடுகிறார்கள். (சாப்பாடு நன்றாக இருந்தால் ஃபார்மில் மார்க்கும் நன்றாகவே விழும்!)

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவமில்லாத ஆட்கள் திடீரென்று குவிந்தார்கள். அவர்களை விரைவில் தயார் செய்ய 1940 முதல் 1945 வரை ஒரு பயிற்சித் திட்டம் நடந்தது. பின்னாளில் ஜப்பானின் டொயோட்டா பின்பற்றியதும் இதைத்தான். அதன் முறை எளிது. கற்பவரைத் தயார் செய். வேலையைச் செய்து காட்டு. அவரைச் செய்ய விடு. பிறகு அடிக்கடி போய்ப் பார். இந்த நான்காவதுதான் நம்மிடம் இல்லாதது. அதைச் செய்ய வேண்டியவர் வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர் அல்ல, பக்கத்து மேஜை சூப்பர்வைசர்.

ஆகவே இரண்டு நாள் வகுப்புக்குப் பணம் இருந்தால் ஒரு நாள் வகுப்பு போதும் என்பேன். மிச்ச நேரத்தை அடுத்த இரண்டு வாரத்தில், அவரவர் மேஜையில், தினம் அரை மணியாகச் செலவிடுங்கள். அந்த டெஸ்பாட்ச் அம்மாவுக்கு அப்படித்தான் செய்தோம். அன்றன்றைய பில்லை அவரே போட்டார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி மாற்றம், 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்வது போன்றவற்றை அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டினார். விதி மாறும்போது தாளையும் மாற்ற வேண்டும். உதாரணமாக, ஒரு நாளுக்கு 100 கி.மீ. என்றிருந்த பில்லின் செல்லுபடிக் கணக்கு 2021 ஜனவரி 1 முதல் 200 கி.மீ. ஆனது. சுமார் 130 கி.மீ. தள்ளியுள்ள நெல்லூருக்கு முன்பு இரண்டு நாள் கிடைத்தது, பிறகு ஒரே நாள். பழைய வகுப்பு நோட்டை நம்பினால் லாரி வழியில் மாட்டிக்கொள்ளும்.

வீட்டில் கற்பவர்களும் இதைச் செய்யலாம். எக்ஸெல் கற்கப் போகிறீர்களா? வீட்டு மளிகைக் கணக்கையோ கடையின் கடன் நோட்டையோ பென் டிரைவில் எடுத்துப் போங்கள். ஆசிரியர் தரும் மாதிரி ஃபைலை முடித்ததும், "சார், இதை என் கணக்கில் எப்படிச் செய்வது?" என்று கேளுங்கள். அன்றிரவே வீட்டில் நோட்டைப் பார்க்காமல் ஒரு முறை செய்யுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும். எங்கே கை நின்றதோ, அதைக் குறித்துக்கொண்டு அடுத்த வகுப்பில் முதல் ஆளாகக் கேளுங்கள். கட்டிய ஃபீஸ் உங்களுடையது. சிலபஸ் முடியவில்லை என்று ஆசிரியர் அவசரப்பட்டாலும் நீங்கள் அவசரப்பட வேண்டாம்.