வண்டி நிற்கும் நேரம்

மாட்டு வண்டிக்காரர் தூங்கலாம். இரவில் பாரம் ஏற்றிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். முன்வண்டிக்காரர் விழித்திருந்தால் போதும். பின்னால் வரும் மாடுகள், முன்வண்டியின் அச்சுக்கடியில் ஆடும் அரிக்கேன் விளக்கைப் பார்த்தபடியே நடந்துவிடும். நெல்லும் பருத்தியும் புகையிலையும் சந்தைக்கு அப்படித்தான் பாதித் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தன. வழியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், வைக்கோல் உதற வேண்டும், லாடம் பார்க்க வேண்டும். பழைய பெருவழிகளில் இன்றும் கண்ணில் படும் சத்திரத்துத் தூண்களும் தூர்ந்துபோன கிணறுகளும் அந்த நிறுத்தங்களின் மிச்சம். மாடு தளர்ந்தால் வண்டி நின்றுவிடும். அதனால் மாட்டின் களைப்பை யாரும் மறக்க முடியவில்லை.

எஞ்சின் வந்தபோது முதலில் தொலைந்தது இந்தக் களைப்புக் கணக்குதான். எஞ்சின் களைக்காது என்பதால் அதை ஓட்டுகிறவரும் களைக்க மாட்டார் என்று எடுத்துக்கொண்டோம். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த நினைப்பிலிருந்து நாம் முழுதாக வெளியே வரவில்லை. சரக்கு ஏன் தாமதம், பஸ் ஏன் நேரத்துக்கு வரவில்லை, விபத்து ஏன் என்று கேட்டால் சாலையைப் பேசுகிறோம், டீசல் விலையைப் பேசுகிறோம், வண்டியின் குதிரைத் திறனைப் பேசுகிறோம். ஸ்டீயரிங் பிடித்தவரின் நாள் எப்படிக் கழிந்தது என்ற கேள்வி கடைசியில், அதுவும் விபத்துக்குப் பிறகுதான் வருகிறது.

ஆரம்பத்தில் எல்லோரும் அப்படி இருக்கவில்லை. 1912இல் மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் ஓட்டத் தொடங்கினார். அவருடைய பஸ்ஸைப் பார்த்து ஊர் மக்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்பது தமிழ்நாட்டில் பலரும் கேட்டு வளர்ந்த கதை. அதோடு சொல்லப்படும் இன்னொரு கதை எனக்கு அதைவிடப் பிடிக்கும். அந்தக் காலத்துச் சாலையெல்லாம் மாட்டு லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகள். பஸ் டயர்கள் பஞ்சராகிக்கொண்டே இருந்தன. டிரைவரை விரட்டிப் பயனில்லை என்று தெரிந்ததும், காந்தம் கட்டிய ஒரு வண்டியைச் சாலையில் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்கினார்களாம். கதையில் கொஞ்சம் கைச்சரக்கு சேர்ந்திருக்கலாம். ஆனால் அதில் ஒரு நிர்வாகியின் மூளை தெரிகிறது. நேரம் எங்கே தொலைகிறதோ அங்கே போய்த் தேடியிருக்கிறார்கள்.

பொள்ளாச்சி-பழனி தடத்தில் 1920இல் ஒற்றை வண்டியோடு தொடங்கிய ஜி.டி. நாயுடுவும் அந்த வகைதான். அந்த வண்டியை அவரே ஓட்டினார். அவருடைய யு.எம்.எஸ். நிறுவனம் பின்னாளில் நூற்றுக்கணக்கான பஸ்களுக்குப் பெருகியபோதும், முதலாளிக்கு அந்த இருக்கையின் சூடு தெரிந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் கரி கேஸில் பஸ் ஓடிய காலத்தைப் பெரியவர்கள் சொல்வார்கள். விடியற்காலையில் கரியைப் பற்றவைத்து, கைவிசிறிச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி கேஸ் ஊறும்வரை காத்திருந்து, பிறகுதான் வண்டியைக் கிளப்ப முடியும். பயணி ஏறும் முன்பே தொழிலாளிக்கு ஒரு மணி நேர வேலை முடிந்திருக்கும். டைம் டேபிளில் அந்த ஒரு மணி நேரம் இருக்காது.

டைம் டேபிளில் இல்லாத நேரம்தான் இந்தத் தொழிலின் பழைய நோய்.

1961இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். தொலைதூரத் தடமானால் 10 மணி நேரமும் 54 மணி நேரமும் வரை போகலாம். ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேர ஓய்வு. வாரம் ஒரு நாள் விடுப்பு. படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை பார்த்த நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவர்களால் ஆன ஒரு தொழிலில் ஐந்து பேர் என்று கோடு போட்டால் கோட்டுக்கு வெளியேதான் கூட்டம் நிற்கும்.

பஸ் தொழிலில் அந்தச் சட்டத்துக்குக் கொஞ்சம் உயிர் வந்தது 1972க்குப் பிறகு. பல்லவன், சேரன், பாண்டியன், சோழன் என்று அரசுக் கழகங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் டூட்டி நேரம், வார விடுப்பு, பி.எஃப். எல்லாம் காகிதத்தில் எழுதப்பட்டன. லாபக் கணக்கில் எந்தத் தனியாரும் தொட்டிருக்காத ஊர்களுக்கெல்லாம் பஸ் போனது. நைட் ஹால்ட் பஸ்ஸைப் பார்க்காத கிராமம் குறைவு. இரவு ஒன்பதரைக்கு வந்து ஆலமரத்தடியில் நிற்கும். டிரைவர் நீள சீட்டில், கண்டக்டர் பணப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு எதிர் சீட்டில். கொசுவும் புழுக்கமும். அதிகாலை நாலரைக்குத் தயிர்க்காரம்மா ஜன்னலைத் தட்டுவார். ஐந்து மணிக்கு முதல் நடை. அந்த இரவைத் தூக்கம் என்று சொல்வதா, டூட்டி என்று சொல்வதா? கழகங்கள் அதற்கு ஒரு பேட்டாவைக் கொடுத்துக் கேள்வியை முடித்துக்கொண்டன.

டெப்போ வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். யார் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் எடுத்தார் என்று மாதாமாதம் பெயரோடு எழுதுவார்கள். இதை நான் குறைசொல்ல மாட்டேன். கிளட்சை மிதித்தபடியே ஓட்டாமல், தேவையில்லாமல் பிரேக் போடாமல், சரியான நேரத்தில் கியர் மாற்றுகிற கை டீசலை மிச்சம் பிடிப்பது உண்மை. தமிழ்நாட்டுக் கழகங்கள் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் எடுத்து நாட்டளவில் பேர் வாங்கியதற்கு அந்தக் கைகள்தான் காரணம். ஆனால் ஆள் பற்றாக்குறையில் டபுள் டூட்டி பார்த்தவர் யார், வார விடுப்பைக் கேன்சல் செய்துவிட்டு வந்தவர் யார் என்று அந்தப் பலகையில் எழுத இடம் இல்லை. தூங்காத கை கியரைத் தாமதமாகத்தான் மாற்றும். டீசல் கணக்கு பார்ப்பவர்களுக்காவது அது தெரிந்திருக்க வேண்டாமா?

தனியார் பஸ்ஸில் கதை வேறு. அங்கே வசூலுக்கு ஏற்ப பேட்டா. முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் நாலு நிமிட இடைவெளி என்றால், அந்த நாலு நிமிடத்தில் ஸ்டாப்பில் சேரும் கூட்டம்தான் அன்றைய வருமானம். பஸ் ஸ்டாண்டில் டைமிங் தகராறு என்று இரு வண்டிகளைக் குறுக்கே நிறுத்திச் சட்டையைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்து நாம் முகம் சுளிக்கிறோம். அந்த வேகம் டிரைவரின் குணம் என்று நினைக்கிறோம். அது சம்பளப் பட்டியலில் எழுதப்பட்ட வேகம்.

லாரிக்கு வருகிறேன். சொல்ல வேண்டியது அங்கேதான் அதிகம்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு. மழை பொய்க்கிற மேட்டுக்காட்டை விற்றோ அடகு வைத்தோ, பைனான்ஸ் பிடித்து லாரி வாங்கிய ஊர்கள். கிளீனராகப் போய், டிரைவராகி, கடைசியில் ஓனராகிவிடலாம் என்பது அங்கே இரண்டு மூன்று தலைமுறைக்கு நம்பிக்கையாகவே இருந்தது. 1975இல் நேஷனல் பெர்மிட் வந்த பிறகு வெளி மாநிலங்களுக்கும் அவர்களுக்குத் தடம் திறந்தது. என் சித்தப்பா லைன் வண்டி ஓட்டியவர். சேலத்திலிருந்து ஜவ்வரிசி ஏற்றி மகாராஷ்டிரம் போவார், ரிட்டன் லோடு வெங்காயம். பத்தாம் வகுப்பு லீவில் ஒரு முறை நானும் தொற்றிக்கொண்டேன்.

அந்தப் பயணத்தில் என் நினைவில் நிற்பவன் கிளீனர்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். வண்டி எங்கே நின்றாலும் முதலில் இறங்கி, ஜாக்கி லீவரால் ஒவ்வொரு டயரையும் தட்டுவான். காற்றுள்ள டயரில் கம்பி எகிறித் திரும்பும். காற்றிறங்கியதில் 'பொத்'தென்று விழும். பின்பக்கத்து ஜோடி டயரில் உள்டயர் போயிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, வெளிடயர் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும். காதுக்குத்தான் தெரியும். பிறகு தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பார்ப்பான். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று பாடியைத் தட்டிக் குரல் கொடுப்பான். மலை ஏறும் வழியில் வண்டி நின்றால் சக்கரத்துக்குக் கல் வைப்பான். பக்கவாட்டுப் பெட்டியிலிருந்து ஸ்டவ்வை எடுத்துச் சோறு வடிப்பான். இரவு இரண்டு மணிக்கு மேல் அவனுக்கு ஒரே வேலை, பேசிக்கொண்டே இருப்பது.

"தூக்கம் வராதுங்களா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"வராம என்ன கண்ணு? வந்தா அவன் வாயத் தொறப்பான். அதுக்குத்தான் அவனுக்குச் சோறு."

இன்று பல லாரிகளில் அவன் இல்லை. பையன்கள் வருவதில்லை. வர வேண்டும் என்று சொல்லவும் மனசு இல்லை, அந்த வயதுப் பையன் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவன். ஆனால் அவன் செய்த வேலைகள் எங்கே போயின? டயரும் கயிறும் ரிவர்ஸும் சோறும் எல்லாம் டிரைவர் தலையில்தான். பேச்சுத் துணைக்கு மட்டும் ஆளில்லை. நேஷனல் பெர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்றொரு விதியும் இருந்தது. பெரும்பாலும் காகிதத்தில் இருந்த அந்த விதியை 2018இல் எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு அச்சு ஒன்றுக்கு ஏற்றலாம் என்ற எடையைக் கூட்டினார்கள். பாரம் கூடியது, ஆள் குறைந்தது.

இதற்கு நடுவில் சாலை நன்றாகத்தான் ஆனது. தங்க நாற்கரச் சாலை வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் எல்லையிலிருந்த வணிகவரிச் செக்போஸ்ட்கள் மூடப்பட்டன. வாளையாறு எல்லையில் கிலோமீட்டர் கணக்கில் நின்ற லாரி வரிசையைப் பார்த்தவர்களுக்கு அது சாதாரண விஷயமல்ல. 2021இல் பாஸ்டேக் கட்டாயமானது, டோல்கேட் வரிசையும் சுருங்கியது. இத்தனை மணி நேரம் மிச்சமானதே, அதில் ஒரு மணி நேரமாவது டிரைவரின் தூக்கத்துக்குப் போனதா?

போகவில்லை. மிச்சமான நேரத்தை நாம் டெலிவரி தேதியில் கழித்துக்கொண்டோம். முன்பு நாலு நாள் என்றது மூன்று நாளானது. எல்லையில் நின்ற வரிசை தொழிற்சாலை கேட்டுக்கு இடம் மாறியது. லோடு ஏற்றவும் இறக்கவும் காத்திருக்கும் மணி நேரங்களை யாரும் எழுதி வைப்பதில்லை. காத்திருப்புக்கு வாடகை கேட்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் அடுத்த லோடு வேண்டுமே என்று ஓனர் கேட்கமாட்டார். குடோன்காரர் பகலில் தின்ற ஆறு மணி நேரத்தை டிரைவர் இரவில் சாலையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 மரணங்கள். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இந்த எண்கள் வரும் மத்திய அரசு அறிக்கைகளில் காரணம் என்றொரு பத்தி இருக்கும். 2016ஆம் ஆண்டு அறிக்கை 84 விழுக்காடு விபத்துகளுக்கு 'ஓட்டுநரின் தவறு' என்றது. 'தவறு' என்ற அந்த மூன்று எழுத்துச் சொல்லில் எத்தனை பேருடைய தவறுகள் அடைந்து கிடக்கின்றன என்று அறிக்கை சொல்லாது. அதிவேகம் என்று எழுதிய இடத்தில், அவர் ஏன் வேகமாகப் போனார் என்பதற்குக் கட்டம் இல்லை.

நல்லதும் நடக்கிறது, சொல்லாமல் விடக் கூடாது. 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். மே மாதத்து எஞ்சின் சூட்டில் கால் வெந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் எஞ்சின் ஓடினால்தான் அந்த ஏ.சி. ஓடும்.

போன கோடையில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை வாசலில் டீ குடிக்க நின்றேன். வேலியோரமாக இருபது இருபத்தைந்து லாரிகள். எல்லாம் எஞ்சின் அணைத்து, இரண்டு பக்கக் கதவையும் திறந்து போட்டிருந்தன. ஒரு டிரைவர் வண்டிக்கடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார், கண் மூடவில்லை. எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். காலை ஏழு மணிக்கு என்றார். அப்போது மணி நாலரை. அவர் கையிலிருந்த டோக்கன் 31. உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தது 19. போன் அடித்தது. கோயம்புத்தூர் புக்கிங் ஆபீஸ். "காலைல எட்டு மணிக்கு அங்க நிக்கறங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். பிறகு டோக்கனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.