குளிரைக் கேட்கும் செடி



மார்ச் பிறந்ததும் பிரிட்டனில் உள்ள நம்மவர் வீடுகளின் ஜன்னலோரம் நிறைந்துவிடும். காலித் தயிர் டப்பாக்களில் கத்தரி நாற்று, மிளகாய் நாற்று, குளிர்காலம் முழுக்க ரேடியேட்டருக்குப் பக்கத்தில் வைத்துக் காப்பாற்றிய கறிவேப்பிலை என்று வரிசை நீளும். முருங்கை விதை ஊன்றிப் பார்க்காதவர்களும் குறைவுதான். இந்த நாட்டில் தோட்டம் போடும் தமிழர்களின் உழைப்பில் பாதி, குளிரோடு மல்லுக்கட்டுவதிலேயே போகிறது. அதனால்தான் இந்த மாதம் நேர்மாறான ஒரு செடியைப் பற்றி எழுதத் தோன்றியது. குளிர் படாவிட்டால் அது சரியாகத் துளிர்ப்பதே இல்லை. அதுதான் ருபார்ப்.

சூப்பர்மார்க்கெட்டில் சிவப்பும் பச்சையுமாகக் கட்டி வைத்திருக்கும் தண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் இந்தச் செடியின் குடும்பத்துக்கும் நமக்கும் பழைய தொடர்பு உண்டு. நாட்டு மருந்துக் கடைகளில் பேதி மருந்துக்கென்று விற்கும் ரேவல்சின்னிக் கிழங்கு, தோட்டத்து ருபார்ப்பின் நெருங்கிய உறவு. சீனாவிலிருந்து உலகமெங்கும் போன மருந்து அது. அபினி வணிகத்தை எதிர்த்து 1839-இல் விக்டோரியா அரசிக்குக் கடிதம் எழுதிய சீன அதிகாரி லின் ஸெசூ, எங்கள் தேயிலையும் ருபார்ப்பும் இல்லாமல் உங்களால் ஒருநாள் தள்ள முடியுமா என்ற பொருளில் கேட்டார். மேலைநாட்டாரின் மலச்சிக்கலை ஒரு பேரரசு தன் பலமாக எண்ணிய காலம்!

தண்டைச் சமைத்துச் சாப்பிடும் வழக்கம் பிரிட்டனில் பரவியது பிற்பாடுதான். சர்க்கரை விலை இறங்கிய 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் புளிப்புத் தண்டுக்கு யோகம் அடித்தது. தென் லண்டனில் கேம்பர்வெல் பக்கம் மயட்ஸ் ஃபீல்ட்ஸ் என்ற பூங்கா இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரிய ஜோசஃப் மயட், ருபார்ப்பைச் சந்தைப் பயிராக்கிய முன்னோடிகளில் ஒருவர்.

ருபார்ப்பை இருட்டில் வளர்க்கும் வித்தை 1817-இல் லண்டன் செல்சி மூலிகைத் தோட்டத்தில் தற்செயலாகத் தெரியவந்தது என்பார்கள். பள்ளம் தோண்டிய மண் செடியின் மேல் விழுந்து மூடிவிட, அதை விலக்கியபோது உள்ளே இளஞ்சிவப்பாக மென்மையான தண்டுகள் இருந்தனவாம். அதைப் பெருந்தொழிலாக்கியது யார்க்‌ஷயர். வேக்ஃபீல்ட், மோர்லி, ராத்வெல் ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதிக்கு ‘ருபார்ப் முக்கோணம்’ என்றே பெயர். அங்கே கிழங்குகளை இரண்டு ஆண்டு அறுவடையே செய்யாமல் வயலில் விடுகிறார்கள். உறைபனி பட்ட பிறகு தோண்டி, கதகதப்பான இருட்டுக் கொட்டகைக்குள் வைக்கிறார்கள். வெளிச்சத்தைத் தேடி ஓடும் தண்டு, கிழங்கில் சேர்த்த சத்தைக்கொண்டே விறுவிறுவென நீள்கிறது. மொட்டுறை வெடிக்கும் ஓசை காதில் கேட்கும். வெளிச்சம் பட்டால் தண்டு முற்றிவிடும் என்பதால் இன்றும் மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் பறிக்கிறார்கள். 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் பாதுகாப்பு வழங்கியது.

நம் வீட்டுத் தோட்டத்தில் இவ்வளவு தேவையில்லை. இலை உதிர்ந்து செடி உறங்கும் காலத்தில், அதாவது இலையுதிர் காலக் கடைசியிலிருந்து மார்ச் வரை, கிழங்கை நடலாம். இப்போதுதான் கடைசி வாய்ப்பு. வெயில் படும் இடமாகவும் தண்ணீர் தேங்காத இடமாகவும் பாருங்கள். ஈரம் நின்றால் கிழங்கு அழுகிவிடும். நன்கு மக்கிய எருவைத் தாராளமாகக் கலந்து, கிழங்கின் முளை மண்மட்டத்தில் தெரியும்படி நடுங்கள். செடிக்குச் செடி ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். தொட்டியில் வைப்பதானால் குறைந்தது 50 செ.மீ. ஆழமும் அகலமும் தேவை. ‘டிம்பர்லி எர்லி’ முந்திக்கொண்டு வரும் வகை. ‘விக்டோரியா’ பிந்தி வந்தாலும் அள்ளிக் கொடுக்கும்.

அடுத்து வருவதுதான் நமக்குக் கடினமான பாடம். முதல் ஆண்டு ஒரு தண்டைக்கூடப் பறிக்கக் கூடாது. இரண்டாம் ஆண்டு கொஞ்சமாக, மூன்றாம் ஆண்டிலிருந்து தாராளமாக. அப்போதும் ஒரே நேரத்தில் பாதிக்கு மேல் எடுக்காதீர்கள். கத்தி வேண்டாம், தண்டின் அடியைப் பிடித்து லேசாகத் திருகி இழுத்தால் வந்துவிடும். ஜூன் கடைசியோடு நிறுத்திக்கொண்டால் செடி அடுத்த ஆண்டுக்குச் சத்துச் சேர்த்துக்கொள்ளும். பூந்தண்டு எழுந்தால் உடனே நீக்கிவிடுங்கள். இப்படிப் பார்த்துக்கொண்டால் பத்து ஆண்டுக்கும் மேலாகப் பலன் தரும். நன்கு வேரூன்றிய செடியை ஜனவரியில் ஒரு வாளியைக் கவிழ்த்து மூடிவைத்தால் யார்க்‌ஷயர் தண்டு உங்கள் வீட்டிலேயே கிடைக்கும். அந்த ஆண்டு அதற்குமேல் பறிக்காமல் செடிக்கு ஓய்வு கொடுங்கள்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: தண்டை மட்டுமே உண்ணலாம். இலை நஞ்சு. கீரை என்றால் சும்மா விடாத நம் கைகளுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் காய்கறிப் பஞ்சத்தில் இந்த இலையைச் சாப்பிடலாம் என்று பிரிட்டனில் பரிந்துரைத்தது உயிரிழப்பில் முடிந்தது. இலையை உரக்குழியில் போடுவதில் தவறில்லை. தண்டிலும் ஆக்சாலிக் அமிலம் ஓரளவு உண்டு என்பதால் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்துக் கிழங்கை மருந்தென்று கைவைத்தியத்துக்கு எடுக்காதீர்கள்.

சமையலுக்கு வருவோம். ஆங்கிலேயர்கள் இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்து கிரம்பிள் செய்து, கஸ்டர்ட் ஊற்றிச் சாப்பிடுவார்கள். நார்வேயில் குழந்தைகள் பச்சைத் தண்டைச் சர்க்கரையில் தோய்த்துக் கடிப்பார்கள். ஈரானில் ஆட்டிறைச்சிக் குழம்பில் போடுவார்கள். புளியும் மாங்காயும் ஆண்ட சமையலறை நம்முடையது; அதற்கும் இந்தப் புளிப்பு அழகாக ஒத்துவருகிறது. பருப்பு வெந்தபின் துண்டுகளைப் போட்டு ஐந்தாறு நிமிடம் கொதிக்கவிட்டுத் தாளித்தால் மாங்காய்ப் பருப்பின் சாயல் வரும். நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயப்பொடி, மிளகாய்த்தூள், வெல்லம் சேர்த்துச் சுண்டவைத்தால் தொக்கு. வெல்லப் பச்சடிக்கும் பொருந்தும். மாங்காயைப்போல இது துண்டாக நிற்காது, சீக்கிரம் குழைந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அமிலம் மிகுந்தது என்பதால் அலுமினியப் பாத்திரம் வேண்டாம்.

கறிவேப்பிலையை யாரும் கைவிட வேண்டியதில்லை. அது நம் நாக்கின் நினைவு, ஜன்னலோரத்தில் இருக்கட்டும். ஆனால் வெளியே இருக்கும் மண்ணில், அந்த மண்ணுக்கும் அதன் பனிக்கும் உரிய ஒன்றையும் வளர்ப்போம். உறைபனி விழும் இரவில் ஒரு செடிக்காவது கவலைப்படாமல் தூங்கலாம் அல்லவா?

இதற்குக் காசுகூடச் செலவழிக்க வேண்டியதில்லை. ருபார்ப் கிழங்கை ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை மண்வெட்டியால் பிளந்து நட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு முளை இருந்தால் போதும். பழைய அலாட்மென்ட்காரர்கள் பலரிடம் கொடுப்பதற்கென்றே மிச்சம் இருக்கும். இந்த வாரமே பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்குப் பதிலுக்கு உங்கள் தொக்கில் ஒரு போத்தல் கொடுங்கள். செய்முறையை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். நல்லவற்றை ஜூன் இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்